கட்டிய படகும் கட்டுப்படும் மனமும்

மனிதன் ஒரு செயலைச் செய்யாதிருப்பதற்குக் காரணங்கள் இரண்டு. செய்ய இயலாமையால் செய்யாதிருத்தல் ஒன்று. செய்ய இயலுமாயினும் செய்யலாகாது எனத் தானே தெளிந்து செய்யாதிருத்தல் மற்றொன்று. புறத்தே நின்று நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கரையில் நிற்கும் படகைக் கண்ட அளவில், அது கயிற்றால் நின்றதா, உடையவனின் கருத்தால் நின்றதா என்று எவரும் கூறிவிட இயலாது. ஆயினும் அறநூலார் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டாரல்லர்.

ஆணையால் வந்த அடக்கம் அறமாகுமா? ஆகாதெனில், அதனை அறமாக மாற்றிக்கொள்ளும் வழி உண்டா? 2020-ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்றினால் உலகெங்கும் படகுத்துறைகள் அடைபட்ட நிகழ்ச்சியை முன்வைத்து இவ்வினாவைச் சிந்திப்பது நமக்குப் பயன் தரும்.

அடைபட்ட துறைகள்

2020 மார்ச் 25 அன்று நம் நாட்டில் 21 நாட்கள் எனத் தொடங்கிய பொதுமுடக்கம், மும்முறை நீட்டிக்கப்பெற்று மே 31 வரை தொடர்ந்தது. உதகை, கொடைக்கானல், ஏற்காடு ஏரிகளிலும், முட்டுக்காடு, பிச்சாவரம் முதலிய இடங்களிலும் உள்ள படகு இல்லங்கள் மூடப்பட்டன. பொதுமுடக்கம் படிப்படியாகத் தளர்ந்த பின்னரும் அவை உடனே திறக்கப்படவில்லை. உலாவுக்கென வந்த படகுகள் மாதக்கணக்கில் கரையிலேயே கிடந்தன.

மேலை நாடுகளில் சொந்தமாக உல்லாசப் படகு வைத்திருப்போர் மிகப் பலர். குளிர்காலத்தில் படகைக் கரையேற்றிப் போர்த்தி வைத்து, இளவேனில் வந்ததும் நீரில் இறக்குவது அவர்தம் வழக்கம். அவ்வாண்டு இளவேனில் வந்தது, துறைகள் திறக்கவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஆளுநர் ஏப்ரல் 9 அன்று பிறப்பித்த ஆணை, பொறி பூட்டிய படகுகளைப் பொழுதுபோக்கிற்காகச் செலுத்துவதைத் தடுத்தது. துடுப்புப் படகுகளைத் தடுக்கவில்லை. ஆறு நாட்களுக்குள், இதனையும் பிற தடைகளையும் எதிர்த்து மக்கள் தலைநகரான லான்சிங்கில் தம் ஊர்திகளுடன் திரண்டனர். ஏப்ரல் 24 அன்று படகுத் தடை விலக்கப்பட்டது. இங்கிலாந்தில் மே 13 முதல் உல்லாசப் படகுகள் மீண்டும் நீரில் இறங்கின.

காத்திருந்தோர் கேட்ட கேள்வி எளியது. "பரந்த நீர்ப்பரப்பில் தனியே செல்பவனால் எவருக்கு நோய் பரவும்?" இக்கேள்வியைத் தன்னலம் என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. துடுப்புக்கு இசைவு, பொறிக்குத் தடை என்பதற்குக் காரணம் உடனே விளங்காதபோது மனம் முரண்படுவது இயல்பே. ஆயினும், தனியே செல்பவன் உண்மையில் தனியே செல்கின்றானா? அவன் படகை நீரில் இறக்க ஒரு துறை வேண்டும். எரிபொருள் நிரப்ப ஓர் ஆள் வேண்டும். பொறி பழுதுபட்டால் மீட்க வருபவர் வேண்டும். விபத்து நேர்ந்தால் மருத்துவமனையில் ஒரு கட்டில் வேண்டும். நம் தனிமை என்று நாம் எண்ணுவது, நாம் காணாத பலருடைய உழைப்பின்மேல் மிதப்பது. இதனை உணர்ந்தவனுக்கு அவ்வாணை சுமையாகத் தோன்றாது. உணராதவனுக்கு அது வெறும் கயிறே.

மணி அடித்த பின்

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த பாடங்களுள் ஒன்று இன்றும் என் நெஞ்சில் நிற்கின்றது. ஆசிரியர் வகுப்பில் நிற்கும்போது நிலவும் அமைதியைக் கொண்டு அவரை மதிப்பிடலாகாது. அவர் வெளியே சென்ற பின் மாணாக்கர் எவ்வாறு இருக்கின்றனர் என்பதைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும் என்பது அது. பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்ற அனுபவத்தால் இன்னும் ஒன்று சேர்ப்பேன். மணி அடித்ததும் பிள்ளைகள் வாயிலை நோக்கி ஓடும் விதத்தைப் பாருங்கள். காரணம் கூறாமல் அடக்கி வைத்த வகுப்பு, சிறியவர்களைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். காரணம் அறிந்து அமைதி காத்த வகுப்பு, முன்வரிசைச் சிறுவனுக்கு வழிவிட்டு வெளியேறும். அடக்கத்தின் தன்மை, அது நிலவும் பொழுதைவிட அது நீங்கும் பொழுதிலேயே புலப்படுகின்றது.

புல்லணையில் ஒரு காத்திருப்பு

யான் வாழும் இத்திருப்புல்லாணியின் பெயரோடு ஒரு காத்திருப்பின் கதை பிணைந்துள்ளது. இலங்கைக்குச் செல்லக் கடல் வழிவிட வேண்டி இராமபிரான் தருப்பைப் புல்லின்மேல் கிடந்த இடம் இது என்பர் வைணவ அன்பர்கள். ஆதிஜெகந்நாதப் பெருமாள் திருக்கோயிலிலுள்ள தருப்பசயன இராமர் சந்நிதி அதனை இன்றும் நினைவூட்டுகின்றது. அருகிலுள்ள சேதுக்கரையே அணை தொடங்கிய இடம் என்பதும் அவர்தம் நம்பிக்கை. மூன்று நாட்கள் கடந்தும் கடலரசன் வாராமையால் சினந்து வில்லை வளைத்ததாகவும், அம்புகள் பாய்ந்தபோது கடலிலுள்ள உயிர்கள் துன்புற்றதாகவும் வான்மீகி இராமாயணம் கூறும்.

இக்கதையில் சிந்திக்கத்தக்க ஒன்று உண்டு. வழிவிடாதவன் கடலரசன்; துன்புற்றவையோ அவனுடைய தவற்றில் எப்பங்கும் இல்லாத நீர்வாழ் உயிர்கள். காத்திருப்பவரின் பொறுமை முறியும்போது, அதன் விலையைத் தருவது பெரும்பாலும் தடை செய்தவர் அல்லர். இடையில் வாழும் எளிய உயிர்களே. பேராற்றல் வாய்ந்தவரின் காத்திருப்புக்கே இஃது உண்மையாயின், நம்மைப் போன்றோர் எத்துணை விழிப்போடு இருத்தல் வேண்டும்!

பசியின் காத்திருப்பு வேறு

காத்திருப்போர் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்தலும் பிழையே. ஏரியில் உலாவ எண்ணியவர் இழந்தது ஓர் இன்பம். துடுப்பு வலித்து வாழ்பவர் இழந்தது அன்றைய உணவு. 2020-ஆம் ஆண்டின் இறுதியில், பணிக்காலம் முடிந்தும் கப்பலைவிட்டு இறங்கி வீடு திரும்ப இயலாமல் உலகக் கடல்களில் தவித்த கப்பல் பணியாளர் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் எனப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு கூறியது.

நம் இராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரைகளை நோக்குவோம். கிழக்குக் கடற்கரையில் மீன்களின் இனப்பெருக்கத்தைக் காக்க, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. 2020-இல் மார்ச்சு இறுதியிலேயே பொதுமுடக்கம் வந்துவிட்டது. ஏப்ரல் 10 அன்று மீன்பிடித் தொழிலுக்கு நடுவண் அரசு விலக்கு அளித்தது. ஐந்தே நாட்களில் ஆண்டுத் தடைக்காலம் தொடங்கிற்று. இழப்பைக் கருதி அவ்வாண்டு மட்டும் தடை மே 31 வரை என 47 நாட்களாகக் குறைக்கப்பட்டது. தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்திற்கு வழங்கப்பட்டு வந்த 5,000 ரூபாய் 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் அறிவிக்கப்பட்டது. 61 நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 131 ரூபாய். ஒரு குடும்பம் அதில் எவ்வாறு வாழும் என்பதை இல்லத்தரசியர் அறிவர்.

மீன்பிடித் தொழில் நம் கொல்லாமைக் கொள்கைக்கு உடன்பாடன்று. எனினும் அத்தொழிலில் பிறந்தவரின் பசி நமக்கு அயலானதன்று. நிறைந்த களஞ்சியத்தின் அருகே அமர்ந்துகொண்டு, வெறும் பானையோடு இருப்பவனிடம் "பொறுமை காத்தல் தவம்" என்று உரைப்பது அறவுரை ஆகாது; சொல்லால் செய்யும் கொடுமையே ஆகும். பொறுமையை நமக்கு நாமே விதித்துக்கொள்ளலாம். பிறர்க்கு விதிக்குமுன் அவர் உலையில் அரிசி இருக்கின்றதா என நோக்குதல் வேண்டும். ஆதலின், துறைகள் திறக்கும் முறையில் பசியின் படகு முன்னும் இன்பத்தின் படகு பின்னும் செல்லுதலே நீதி.

இன்பம் குற்றமா?

அவ்வாறாயின் உல்லாசப் படகோட்டம் வீண் செயலா? நம் இராமநாதபுரம் மாவட்டத்தின் காரங்காட்டில், அலையாத்திக் காட்டினூடே பயணிகளைப் படகில் அழைத்துச் செல்லும் சூழல் சுற்றுலாவை, வனத்துறையோடு இணைந்து ஊர் மக்களே நடத்தி வருகின்றனர். நகரத்தாரின் ஒரு மணி நேர இன்பம் அங்கே ஓர் ஊரின் வருவாய். பயணிகள் வாராதபோது அடைபட்டது அவ்வருவாய்தான். அன்றியும், அலையாத்தி வேர்களையும் நாரைகளையும் அருகே கண்ட குழந்தை, அவற்றை அழிக்க எளிதில் மனம் கொள்ளாது. எனவே இன்பம் என்பதனாலேயே ஒன்றைக் குற்றம் எனல் பொருந்தாது.

இல்லறத்தார்க்கு வகுத்த விரதங்களுள் அனர்த்ததண்ட விரதம் என்பது பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குவது. பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைக் கலக்குதல், வீணே அலைதல் முதலியன அத்தீங்கினுள் அடங்கும். இங்கே விலக்கப்படுவது இன்பம் அன்று. பயனுக்கு மேற்பட்ட தீங்கே என்பதை உணர்தல் வேண்டும். இளைப்பாறுதலும் ஒரு பயனே. ஆனால் அதற்குத் துடுப்பு போதுமாயின் பொறி எதற்கு? அமைதியாகச் செல்ல இயலுமாயின் பறவைகள் வெருண்டு பறக்கும் பேரொலி எதற்கு? இவ்வாறு வினவிப் பழகியவனுக்கு மிச்சிகன் ஆணையில் இருந்த துடுப்பு, பொறி வேறுபாடும் வேறோர் ஒளியில் தோன்றும்.

மழைக்காலத்து நிலைபேறு

நம் துறவியர் மழைக்காலத்தில் ஊர்விட்டு ஊர் செல்லாது நான்கு திங்கள் ஓரிடத்தே தங்குவர். வாயிலை அடைப்பாரும் இல்லை, காவல் நிற்பாரும் இல்லை. மழையில் வழியெங்கும் நுண்ணுயிர்கள் பெருகும்; நடந்தால் அவை மடியும் என்பதே காரணம். மீன்பிடித் தடைக்காலத்தின் காரணமும் இதனோடு எத்துணை ஒத்திருக்கின்றது! உயிர்கள் பெருகும் பருவத்தில் பெரியவர் தம் இயக்கத்தை நிறுத்திக்கொள்ளுதல். நோக்கம் வேறாயினும் செயல் ஒன்றே. ஒன்று அரசாணை, மற்றொன்று விரதம். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு, காரணத்தைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளும் மனம் ஒன்றே.

நாம் முதலில் எழுப்பிய வினாவிற்கு இங்கே விடை கிடைக்கின்றது. ஆணையால் வந்த அடக்கம் தானாக அறமாகாது. ஆனால் அது யாருக்காக என்பதை அறிந்து, "ஆணை இல்லாவிடினும் யான் இதனைச் செய்திருத்தல் வேண்டும்" என்று ஒருவர் எண்ணும் நொடியில், அதுவே விரதமாக மாறிவிடுகின்றது. கதவு அதே கதவுதான். தாழ் மட்டும் வெளிப்புறத்திலிருந்து உட்புறத்திற்கு வந்துவிடுகின்றது.

திறந்த பின் என் செய்தோம்?

துறைகள் எல்லாம் திறந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. மணி அடித்த பின் நாம் எவ்வாறு வெளியேறினோம்? கோடை விடுமுறையில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஊர்திகள் அளவின்றிப் பெருகியமையால், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் அங்குச் செல்வோர் இ-பாஸ் பெறுதல் கட்டாயமாயிற்று. நோய்க்காக அடைபட்ட வாயில், கூட்டத்திற்காக மீண்டும் காவல் பெற்றது. உள்ளே தாழ் இல்லாத இடத்தில் வெளியே பூட்டு வந்துதானே தீரும்?

நம் கண்முன்னே மன்னார் வளைகுடா உள்ளது. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சூழ்ந்து 1986-ஆம் ஆண்டில் அமைந்த கடல்சார் தேசியப் பூங்கா அது. பவளப் பாறைகளும், கடற்பசு மேயும் கடற்புல் வெளிகளும் அங்கே உண்டு. இசைவின்றித் தீவுகளில் இறங்கலாகாது என்பது சட்டம். ஆனால் நங்கூரம் பவளத்தின்மேல் விழாதவாறு பார்ப்பதும், ஆழம் குறைந்த புல்வெளிமேல் பொறியை ஓட்டாதிருப்பதும், உண்ட நெகிழிப்பையைக் கரைக்குத் திரும்பக் கொணர்வதும் ஒவ்வொரு முறையும் காவலர் நின்று பார்க்கக்கூடியவை அல்ல. அவை பயணியின் உள்ளத்தாழைச் சார்ந்தவை.

பிள்ளைகளைக் கடலுக்கும் ஏரிக்கும் அழைத்துச் செல்லும் பெற்றோர், படகேறுமுன் அவர்களிடம் மூன்று வினாக்கள் கேட்பாராக. இப்படகை ஓட்டுபவர் யார், அவர் குடும்பம் எவ்வாறு வாழ்கின்றது? நாம் செல்லும் வழியில் எவ்வுயிர்கள் வாழ்கின்றன? நம் இன்பத்திற்கு எவ்வளவு போதும்? இவற்றிற்கு விடை தேடிப் பழகிய பிள்ளைக்கு, நாளை மீண்டும் ஒரு துறை அடைபடின் காத்திருத்தல் சிறையாகத் தோன்றாது. துறை திறந்திருக்கும் நாளிலும் தன் எல்லையைத் தானே அறிந்து அது துடுப்பைப் பிடிக்கும். அத்தகைய பிள்ளைகளை உருவாக்க நாம் அனைவரும் முயல்வோமாக.