கேட்பதும் ஓர் அறமே

நெறி தவறிய பிள்ளையைத் திருத்த நல்லுரை கூறுவதே வழி என்பது நம்மில் பெரும்பாலோர் கொண்ட முடிவு. அது பலிக்காதபோது அதனையே இன்னும் சற்று உரத்த குரலில் கூறுகின்றோம். பிள்ளை வாய் மூடிக்கொள்கின்றான். நாம் அதனைப் பணிவு என்று எண்ணி மகிழ்கின்றோம். அறிவுரைக்கு முன்னே ஆற்ற வேண்டிய கடமை ஒன்று உண்டா என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் வினா.

உண்டு என்றார் அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987). ரோச்செஸ்டர் நகரில் அவர் 12 ஆண்டுகள் சிறார் நலப் பணியில் இருந்தார். அக்கால நிகழ்ச்சி ஒன்றை 1961இல் வெளியான தம் நூலில் குறித்துள்ளார். அடங்காச் சிறுவன் ஒருவனின் தாயார் அவரிடம் வந்தார். மகனைச் சிறு வயதிலேயே தாய் மனத்தால் ஒதுக்கியதே கோளாறின் வேர் என்பது ரோஜர்ஸுக்குத் தெளிவாயிற்று. பல முறை மென்மையாக எடுத்துரைத்தும் பயன் விளையவில்லை. இனிப் பயனில்லை என்று இருவரும் முடிவு செய்தனர். வாயில் வரை சென்ற தாயார் திரும்பி நின்று, பெரியவர்களுக்கும் இங்கே உதவி உண்டா என்று வினவினார். மீண்டும் அமர்ந்து, தம் இல்வாழ்வின் வேதனையைக் கொட்டலானார். ரோஜர்ஸ் இம்முறை வழிகாட்டவில்லை, கேட்டார். தாயும் தேறினார், மகனும் சீரடைந்தான். வலிக்கும் இடம் எதுவென்பது வலிப்பவருக்கே தெரியும் என்பது அவர் கற்ற பாடம்.

உதவுவோரிடம் இருக்க வேண்டிய பண்புகள் மூன்று என 1957இல் அவர் வகுத்துரைத்தார்: உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை, நிபந்தனை விதியாமல் எதிரிலிருப்பவரை மதித்தல், அவர் நிலையில் நின்று அவர் உள்ளத்தை உணர்தல்.

அவ்வாறாயின், தீமையையும் ஏற்றுக்கொள்வதா என்று அன்பர்கள் வினவலாம். அதே ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரோஜர்ஸுடன் உரையாடிய தத்துவ ஞானி மார்ட்டின் பூபரும் இத்தகைய தயக்கத்தையே வெளியிட்டார். ஏற்றுக்கொள்ளுதல் தொடக்கமே, சில வேளை ஒருவனுக்கு அவனை எதிர்த்தே உதவ வேண்டியிருக்கும் என்பது அவர் கருத்து.

பூபர் கூற்றில் உண்மை உண்டு. தீயை நோக்கி ஓடும் குழந்தையின் கையைப் பற்றி இழுப்பதே கடன். அங்கே செவிமடுத்து நிற்பது குற்றமாகும். ஆயினும் செய்தவனை மதிப்பது வேறு, செய்கையை ஒப்புவது வேறு. குற்றம் சாட்டப்படுபவன் தன்னைக் காத்துக்கொள்வதிலேயே முனைந்து நிற்பான். தன் குற்றத்தைக் காண அவனுக்கு ஓய்வேது? கேடயம் தேவைப்படாத இடத்தில்தான் அவன் பார்வை உள்நோக்கித் திரும்பும். ஆகவே பொறுமையுடன் கேட்பது நன்மை தீமைகளின் வேறுபாட்டைக் கைவிடுவதன்று. அவ்வேறுபாட்டை அவனே உணர இடமளிப்பதாகும்.

அறிவுரையை நாம் ‘நஸீஹத்’ என்கின்றோம். அவ்வரபுச் சொல்லின் வேருக்குத் தூய்மை என்பதோடு, துணியைத் தைத்தல் என்றும் பொருளுண்டு. கிழிந்த இடம் எதுவென்று பாராமல் ஊசியை எடுப்பவன் துணியைத் துளைப்பானேயன்றித் தைப்பானல்லன்.