பொய்யைக் கேட்டு வாங்குகிறவர்கள்

பிரிட்டனில் பொதுத்தேர்தல் வந்துவிட்டால் எல்லாக் கட்சிகளும் ஒன்றையே சொல்கின்றன: எங்கள் வாக்குறுதிகளுக்குக் கணக்கு இருக்கிறது, எதிராளியின் வாக்குறுதிகளுக்கு இல்லை. 2024 ஜூன் 4 அன்று தொலைக்காட்சி விவாதத்தில், தொழிலாளர் கட்சி வந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 2,000 பவுண்டு வரி கூடும் என்று அப்போதைய கன்சர்வேட்டிவ் பிரதமர் ரிஷி சுனக் திரும்பத் திரும்பச் சொன்னார். அது நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்துப் போட்ட தொகை என்பதை மேடையில் சொல்லவில்லை. புள்ளிவிவர ஆணையம் அதைக் கண்டித்தது. அந்த மொத்தத் தொகையை அதிகாரிகள் போட்ட கணக்காகக் காட்டக் கூடாது என்று நிதித்துறையின் தலைமை அதிகாரியே எழுதியிருந்தார்.

அரசியல்வாதி பொய் சொல்கிறான் என்று கண்டுபிடிக்கப் பெரிய பகுத்தறிவு தேவையில்லை. அந்தப் பொய்யை விரும்பிக் கேட்டு வாங்குகிறவர் யார் என்று கேட்கும்போதுதான் நமக்கு உறுத்துகிறது. இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பின் கதையைப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும்.

1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. எல்லோருக்கும் இலவச மருத்துவம். அதே நாளில் இன்னொரு சட்டமும் நடைமுறைக்கு வந்தது. முதியவர்களைத் தங்கவைத்துப் பராமரிப்பதை அது உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது, அவரவர் வசதியைப் பார்த்துக் கட்டணம் என்ற நிபந்தனையுடன். அன்று போட்ட கோடு இன்னும் அழியவில்லை. புற்றுநோய் வந்தால் அரசு செலவில் சிகிச்சை. மறதிநோய் வந்து பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டியிருந்தால், 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து உள்ளவர் தம் பணத்தைத்தான் கொடுக்க வேண்டும். கணவனோ மனைவியோ குடியிருக்காத வீடாக இருந்தால் அதுவும் சொத்துக் கணக்கில் சேரும். எந்த நோய் வருகிறது என்பதைப் பொறுத்து வீடு மிஞ்சும், அல்லது போகும். இதில் எந்த நியாயமும் இல்லை.

இதைச் சரிசெய்யப் பணம் வேண்டும். 2010 தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, எல்லோரிடமும் ஒரு பங்கு வாங்கிப் பொது நிதி அமைப்பது பற்றித் தொழிலாளர் கட்சி அரசு யோசித்தது. இறந்தபின் விட்டுச்செல்லும் சொத்திலிருந்து அதை எடுப்பதும் அந்த யோசனைகளில் ஒன்று. மூன்று பெரிய கட்சிகளும் இதுபற்றித் திரைமறைவில் பேசிக்கொண்டிருந்தன. திடீரென்று கன்சர்வேட்டிவ் கட்சி ஒரு கல்லறைக் கல்லைப் படமாக்கிச் சுவரொட்டி போட்டது: நீங்கள் செத்தால் பிரதமர் கார்டன் பிரவுனுக்கு 20,000 பவுண்டு வேண்டுமாம். ‘சாவு வரி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பேச்சு அதோடு முறிந்தது.

2017-இல் காட்சி மாறியது. மே 18 அன்று கன்சர்வேட்டிவ் பிரதமர் தெரசா மே வெளியிட்ட தேர்தல் அறிக்கை, வீட்டிலேயே பராமரிப்புப் பெறுபவருக்கும் வீட்டின் மதிப்பு கணக்கில் சேரும் என்றது. உயிரோடு இருக்கும்வரை யாரும் வீட்டை விற்க வேண்டாம், கடைசியில் 1,00,000 பவுண்டு குடும்பத்துக்கு மிஞ்சும் என்றும் சொன்னது. திட்டத்தில் குறைகள் இருந்தன. ஆனால் பணம் எங்கிருந்து வரும் என்று அது சொல்லிவிட்டது. இப்போது ‘மறதிநோய் வரி’ என்று கூச்சலிட்டது தொழிலாளர் கட்சி. நான்கே நாளில் மே பின்வாங்கினார், எதுவும் மாறவில்லை என்று சொல்லிக்கொண்டே. தேர்தலில் பெரும்பான்மையையும் இழந்தார். அந்த இழப்புக்கு இது ஒன்றே காரணமல்ல. ஆனால் இரண்டு கட்சிகளும் அதிலிருந்து படித்த பாடம் ஒன்றே: யார் பணம் கொடுப்பது என்று மட்டும் சொல்லிவிடாதே.

2019-இல் அடுத்த கன்சர்வேட்டிவ் பிரதமர் போரிஸ் ஜான்சன் அந்தப் பாடத்தை அப்படியே பின்பற்றினார். பராமரிப்புக்காக யாரும் வீட்டை விற்க நேராது என்றது அவர் கட்சியின் தேர்தல் அறிக்கை. வருமான வரி, தேசியக் காப்பீட்டுக் கட்டணம், வாட் மூன்றின் விகிதமும் உயராது என்றும் அதே அறிக்கை சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் சந்தேகம் வரும். மக்கள் 80 இடப் பெரும்பான்மை கொடுத்தார்கள். 2021-இல் ஜான்சன் காப்பீட்டுக் கட்டணத்தில் 1.25 புள்ளி உயர்வையும், வாழ்நாள் பராமரிப்புச் செலவுக்கு 86,000 பவுண்டு உச்சவரம்பையும் அறிவித்தார். அடுத்த ஆண்டே உயர்வு ரத்தானது. உச்சவரம்பு 2025-க்குத் தள்ளிப்போனது. 2024 ஜூலையில் தொழிலாளர் கட்சியின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், பணம் இல்லை என்று அதைக் கைவிட்டார். அதே மூன்று வரிகளைத் தொடமாட்டோம் என்று சொல்லித்தான் அவர் கட்சியும் அந்த மாதம் வென்றிருந்தது.

வாக்காளரைக் குறை சொல்லலாமா, அவர் என்ன பொருளாதார நிபுணரா என்று கேட்பார்கள். இதற்கு நிபுணர் வேண்டாம். என் தாய்க்கு நல்ல பராமரிப்பு வேண்டும், என் வரி ஏறக் கூடாது, அவர் வீடும் முழுதாக எனக்கே வர வேண்டும் என்று ஒருவர் ஒரே மூச்சில் கேட்டால், மூன்றாவதற்கான பணத்தை வேறு யாரோ கொடுக்க வேண்டும் என்றுதான் பொருள். அந்த வேறு யாரோ பெரும்பாலும் வாடகை வீட்டில் இருக்கிறார். அவர் சம்பளத்தில் வரி பிடித்து, லண்டனில் சும்மா இருந்தே பல மடங்கு விலை ஏறிய வீட்டை வாரிசுக்குக் காப்பாற்றிக் கொடுப்பது எந்த அறம்?

அரசு கொடுக்காததை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். காலையில் வீட்டுக்கு வரும் பராமரிப்பாளருக்குப் பல இடங்களில் ஒதுக்குவது 15 நிமிடம். அதற்குள் முதியவரை எழுப்ப வேண்டும், ஈரத்துணி மாற்ற வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும். குளிப்பாட்டினால் கஞ்சி ஊட்ட நேரமில்லை, ஊட்டினால் குளிப்பாட்ட நேரமில்லை. அடுத்த வீட்டுக்கு ஓடும் நேரத்துக்குப் பலருக்குச் சம்பளமும் கிடையாது. அவரும் வராத மீதி நேரத்தை மகளோ மருமகளோ வேலையை விட்டுவிட்டு ஈடுகட்டுகிறாள். வாரம் 35 மணி நேரமாவது பராமரித்தால் 2024-25-இல் அரசு கொடுத்த படி வாரத்துக்கு 81.90 பவுண்டு. இந்தச் செலவு எந்தக் கட்சியின் கணக்கிலும் ஏறவில்லை.

நோய் யாருக்கு வரும் என்று தெரியாத நிலையில், எல்லோரும் கொடுத்து எல்லோரையும் காப்பதுதான் நியாயம். உழைப்பவர் சம்பளத்தை மட்டும் சுரண்டாமல், இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்திலும் ஒரு பங்கு எடுப்பதுதான் அதற்கு நேர்மையான வழி. 2010-இல் கல்லறைக் கல் வைத்துப் புதைத்தது இந்த யோசனையைத்தான்.

இப்போது இந்தப் பராமரிப்புச் சிக்கலை ஆராய லூயிஸ் கேசி தலைமையில் ஓர் ஆணையம். அதன் இறுதி அறிக்கைக்குக் கெடு 2028. அடுத்த பொதுத்தேர்தல் 2029-க்குள் வந்தாக வேண்டும். 23,250 பவுண்டு என்ற வரம்பு 2010-இலிருந்து ஒரு பைசா ஏறாமல் கிடக்கிறது. வாக்குக் கேட்டு வருகிறவரிடம் யார் பணம் கொடுப்பது என்று கேளுங்கள். நீங்களும்தான் என்று ஒருவர் சொன்னால், அதற்காகவே அவரைத் தோற்கடித்துவிடாதீர்கள்.