மிக்ஸிக்கு 7 ஆண்டு, பெயருக்கு 3 ஆண்டு

கூலிவேலைக்குப் போகும் ஒருவர் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வருகிறது. கோடிக்கணக்கில் ஜி.எஸ்.டி. பாக்கி. அவர் பெயரில் ஒரு நிறுவனம் இருக்கிறதாம். இரும்புக் கழிவு வாங்கி விற்றிருக்கிறதாம். கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி எப்போதோ ஒருவன் வாங்கிப்போன ஆதார் ஜெராக்ஸும் பான் ஜெராக்ஸும்தான் அந்த நிறுவனத்தின் மொத்த முதலீடு. இந்த மாதிரிச் செய்தி நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஊர் மாறுகிறது, தொகை மாறுகிறது. நோட்டீஸைக் கையில் விரித்துப் பிடித்தபடி கலெக்டர் அலுவலக வாசலில் நிற்கும் படம் மட்டும் மாறுவதில்லை. படிப்பவர்கள் ‘அட பாவமே’ என்று சொல்லிவிட்டு விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

உச்சுக்கொட்டிவிட்டு நகரக்கூடிய விஷயமா இது? பணத்தைத் திருடுவதைவிடப் பெயரைத் திருடுவது பெரிய குற்றம். நம் சட்டமோ அதைச் சில்லறைக் குற்றங்களின் வரிசையில் உட்கார வைத்திருக்கிறது. அந்த வரிசை மாற வேண்டும், தண்டனை கடுமையாக வேண்டும். சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான நியாயம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 66சி பிரிவு, 2009 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்னொருவரின் மின்னணுக் கையெழுத்தையோ கடவுச்சொல்லையோ அவருக்கே உரிய வேறு அடையாளக் குறியையோ கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி; அதற்கும் இதே அளவு. குறைந்தது இவ்வளவாவது கொடுக்க வேண்டும் என்ற வரம்பு இரண்டிலும் கிடையாது. 77பி-யின்படி ஜாமீனில் விட்டாக வேண்டும். 77ஏ-யின்படி நீதிமன்றம் ஒப்புக்கொண்டால் சமரசமாகவும் முடித்துக்கொள்ளலாம்.

இப்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவு. ஒரு வீட்டுக்குள் நுழைந்து மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போனவனுக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. ஜாமீனும் கேட்டவுடன் கிடைக்காது. அதே வீட்டுக்காரரின் பெயரைத் தூக்கிக்கொண்டு போய், அதன் மேல் ஐந்து இடத்தில் கடன் வாங்கியவனிடம் 66சி மூன்று ஆண்டோடு நின்றுவிடுகிறது. மிக்ஸி போனால் தீபாவளித் தள்ளுபடியில் வேறு வாங்கலாம். பெயருக்கு அப்படி மாற்று உண்டா?

போலீஸார் 66சி-யோடு விடுவதில்லை என்பது உண்மை. ஏமாற்றுதலுக்கு 318(4) சேர்ப்பார்கள், அது 7 ஆண்டு வரை. ஆள்மாறாட்டத்துக்கு 319(2), 5 ஆண்டு வரை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 3 ஆண்டாக இருந்ததை 2024 ஜூலையில் வந்த புதிய சட்டம் கூட்டியிருக்கிறது. கும்பலாகத் தொடர்ந்து செய்தால் 111-ஆம் பிரிவு, அது ஆயுள் வரைக்கும் போகும். ஆனால் இந்த வழக்குகளில் ஏமாற்றப்பட்டவர் யார் என்று பாருங்கள். பொய் ஆவணத்தை நம்பிப் பணம் கொடுத்த நிறுவனம். பெயருக்கு உரியவர் அங்கே பெரும்பாலும் ஒரு சாட்சி. தன் வீடு கொள்ளைபோன வழக்கில் தானே பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி கூண்டேறிச் சாட்சி சொல்லிவிட்டு வரவேண்டியதுதான்.

இந்தக் களவுக்குப் பெரிய சாமர்த்தியம்கூடத் தேவையில்லை. 2023 மார்ச்சில் டெல்லி போலீஸார் பிடித்த கும்பலின் வேலை அதைக் காட்டுகிறது. ஜி.எஸ்.டி. எண்ணில் 15 எழுத்தும் இலக்கமும் உண்டு. முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், அடுத்த பத்தும் அப்படியே பான் எண். அந்த எண்ணை இணையத்தில் யாரும் தேடி எடுக்கலாம். பிரபலங்களின் பிறந்த தேதியோ ஊருக்கே தெரியும். தோனி, அபிஷேக் பச்சன் போன்றவர்களின் பெயரில் இப்படி அட்டை தயாரித்தார்கள். பச்சன் பெயர்போட்ட பான் அட்டையில் இருந்த முகம் கும்பலைச் சேர்ந்த ஒருவனுடையது. வீடியோவில் சரிபார்க்கும்போது அட்டையின் முகமும் திரையின் முகமும் ஒத்துப்போயின. அமிதாப்பின் மகன் எப்படி இருப்பார் என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. கடன் அட்டைகளில் 21 லட்சம் ரூபாய்க்கு மேல் தேய்த்து முடித்தபிறகே குட்டு வெளிப்பட்டது.

பிரபலங்களுக்காவது வக்கீல் இருக்கிறார். அதற்கு முந்தைய ஆண்டு, தன் பான் எண்ணில் யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாக நடிகை சன்னி லியோன் ட்விட்டரில் எழுதியதும், கடன் கொடுத்த நிறுவனம் விழுந்தடித்துக்கொண்டு சரிசெய்தது. மகளிர் குழுவில் வாரத் தவணை கட்டும் பெண்மணி அப்படி எழுதினால் யார் படிப்பார்கள்?

அவருடைய பெயர் களவுபோகும் இடம் இணையம்கூட இல்லை. தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, குடைக்காரருக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருக்கும் ஜெராக்ஸ் கடை. மங்கலாக விழுந்த நகலைக் கடைப்பையன் காலடியில் உள்ள அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு வேறொன்று எடுக்கிறான். பெட்டி நிறைந்ததும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போகிறது; அங்கிருந்து வடை மடிக்க. எண்ணெய் ஊறிய தாளில் யாரோ ஒருவரின் பிறந்த தேதி, கணவர் பெயர், 12 இலக்கம் எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. விவரம் தெரிந்த சிலர் நகலின் குறுக்கே ‘சிம் கார்டுக்கு மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். பழைய காலத்தில் வாசலில் பூசணிக்காய் கட்டியது மாதிரிதான் இதுவும். 2022 மே 27-இல் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், எண்ணை மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று நல்ல புத்தி சொன்னது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் இப்படி வழவழவென்று இருக்கவில்லை. பிறர் பொருளைக் களவாடலாம் என்று மனத்தில் நினைப்பதே தீது என்பது வள்ளுவர் வைத்த அளவுகோல். கள்ளாமைக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் அவர் ஒதுக்கியது, களவின் வேர் கையில் இல்லை, உள்ளே மறைத்துவைக்கும் வஞ்சகத்தில் இருக்கிறது என்று காட்டத்தான். சிலப்பதிகாரத்துப் புகாரில் வெள்ளிடை மன்றம் என்று ஓர் இடம். வணிகர்கள் தம் பெயரைப் பொறித்த பொதிகள் அங்கே காவலில்லாமல் கிடக்கும். எடுத்தவன் கழுத்து நோக அந்தப் பொதியைச் சுமந்துகொண்டு சுற்றுவானே தவிர, கொண்டுபோக முடியாது. பெயர் எழுதிய பொருளைத் தொடுவதற்கே அத்தனை கூச்சம் வைத்த நகரம் அது. பெயரையே தூக்குபவனுக்கு அங்கே என்ன கிடைத்திருக்கும்? அதே நகரத்துச் சதுக்கப் பூதம், பொய்ச்சாட்சி சொல்பவரையும் வேடம்போட்டு வஞ்சிப்பவரையும் பாசக்கயிற்றில் கட்டி விழுங்கியது என்கிறார் இளங்கோ.

அந்தக் காப்பியத்தின் மதுரைக் காண்டம் முழுவதுமே இந்தக் குற்றத்தின் கதை என்று சொன்னால் மிகையாகாது. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன்; அந்தக் களவு கோவலன் தலையில் இறங்கியது. ஒருவன் செய்ததை இன்னொருவன் பெயரில் எழுதிய ஏட்டை அரசன் விசாரிக்காமல் நம்பினான். விளைவு ஒரு நகரமே எரிந்தது. இன்றைக்கு வசூல் ஏஜென்ட் வாசலில் வந்து தெருவே கேட்கும்படி கத்துவதும் அதே ஏட்டை நம்பித்தான். மணிமேகலை நல்ல எண்ணத்தோடுதான் காயசண்டிகையின் வடிவத்தை எடுத்தாள். அதுவே உதயகுமாரன் வெட்டுப்படக் காரணமானது. நல்லவள் எடுத்த இரவல் உருவமே ஓர் உயிரைக் குடித்தது என்றால், கெட்டவன் கையில் அது என்ன செய்யாது? மாரீசன் இராமன் குரலில் கூவியதைக் கேட்டு இலட்சுமணன் நம்பவில்லை, சீதை நம்பினாள். மகன் குரலில் ‘அம்மா, ஆக்சிடென்ட் ஆகிவிட்டது, பணம் அனுப்பு’ என்று செயற்கை நுண்ணறிவு பேசும்போது எந்தத் தாய் நம்பாமல் இருப்பாள்?

வெறும் கதைகள் என்று சிலர் சொல்லலாம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கதையில்லை. கி.பி. 919, 921-இல் வெட்டப்பட்ட அவை, பிறர் பொருளைக் கவர்ந்தவனைக் குடவோலையில் பெயர் எழுதவே தகுதியற்றவன் என்றன. கணக்குக் காட்டாதவனின் உறவினரையும் சேர்த்து ஒதுக்கின. ஊரார் நம்பிக்கையைக் கெடுத்தவன் பெயர் பானைக்குள் விழக்கூடாது என்று விதித்தார்கள்.

தண்டனை திருடனோடு முடிந்துவிடக் கூடாது, ஆவணத்தைச் சரிபார்க்க வேண்டியவருக்கும் பொறுப்பு உண்டு என்பதற்கும் பெரியபுராணத்தில் ஆதாரம் இருக்கிறது. நீ என் அடிமை என்று ஓலையோடு வந்த கிழவரின் வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபை எப்படி விசாரித்தது? சுந்தரர் கிழித்தது படி ஓலை என்றதும், மூல ஓலையைக் கேட்டார்கள். அதிலிருந்த பாட்டனாரின் கையெழுத்தை, காப்பில் இருந்த அவருடைய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். வாதியாக வந்தவர் சிவபெருமானே என்றாலும் ஆவணச் சோதனையில் சலுகை கிடையாது. மூன்று நிமிடத்தில் கடன் என்று விளம்பரம் செய்யும் செயலிகள் அந்தச் சபையின் திண்ணையில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

சரிபார்க்காமல் கொடுத்தவருக்கு இங்கே என்ன நேர்கிறது? வாங்காத கடன் கடன்தகவல் அறிக்கையில் ஏறிவிட்டால், புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் விதித்தது. ஒன்றுமே இல்லாமல் இருந்ததற்கு இது மேல்தான். ஆனால் அந்த அறிக்கையால் மகளின் கல்விக்கடன் நின்றுபோனவருக்கு அந்த 100 ரூபாய் எதற்கு ஆகும்? 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவலைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட வழிசெய்கிறது. கேட்கக் குளிர்ச்சியாக இருக்கிறது. அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். பெயர் இழந்தவர் கைக்கு ஒரு ரூபாய் வராது. 2024-இல் மட்டும் இணைய மோசடிகளில் போனது 22,845 கோடி ரூபாய், முந்தைய ஆண்டில் 7,465 கோடி என்று நாடாளுமன்றத்தில் உள்துறை கணக்குச் சொன்னது. பெயர் போனவர்கள் எத்தனை பேர் என்பது இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. மாட்டுபவர்களில் பலர் அடிமட்டத்து ஆட்கள். சில ஆயிரம் கமிஷனுக்குத் தன் வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்ட கல்லூரி மாணவன், டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிக் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் போய்ப் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, அடித்து மிரட்டப்பட்டு மோசடி அழைப்புப் பேசிய இளைஞன். மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. அடைத்துவைக்கப்பட்டவனைத் தண்டிப்பது அறமாகாது, ஒப்புக்கொள்ளலாம். மெய்ப்பொருள் நாயனாரையும் இந்தத் தரப்பார் துணைக்கு அழைப்பார்கள். அடியார் வேடத்தில் வந்து குத்திய முத்தநாதனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய்விடு என்று தத்தனிடம் சொல்லிவிட்டல்லவா அவர் உயிர்விட்டார் என்று. உண்மைதான். ஆனால் குத்துப்பட்டவர் மன்னித்தார். வேடிக்கை பார்த்த நாம் அவர் சார்பில் மன்னிக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஓங்கும்போது கடுமையாக ஓங்கி, விழும்போது மெல்ல விழச்செய்யச் சொன்னார் வள்ளுவர். நாம் இரண்டாவது பாதியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறோம்.

அமெரிக்கர்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். 2004-இல் அங்கே வந்த சட்டத்தின்படி, சில பெருங்குற்றங்களைச் செய்யும்போது இன்னொருவர் அடையாளத்தைப் பயன்படுத்தினால், மூலக் குற்றத்தின் தண்டனை முடிந்தபிறகு தனியாக 2 ஆண்டு. அதை நீதிபதியாலும் குறைக்க முடியாது. அரசு வக்கீல்கள் அதைக் கண்டதற்கெல்லாம் வீசினார்கள். அடையாளக் களவுதான் குற்றத்தின் மையமாக இருக்க வேண்டும் என்று 2023-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. கடிவாளம் இருக்கட்டும், நமக்கு முதலில் குதிரை வேண்டும். பணத்துக்கு ஒரு தண்டனை, பெயருக்குத் தனியாக இன்னொன்று, அதில் குறைந்தபட்சம் ஒன்று, சமரசத்துக்கு இடமில்லை, சரிபார்க்காமல் கொடுத்த கடனுக்குக் கொடுத்தவரே பொறுப்பு, அபராதத்தில் ஒரு பங்கு பெயருக்கு உரியவருக்கு. இதில் எதுவும் அரசியல் சட்டத்தைத் திருத்தும் அளவுக்குப் பெரிய காரியம் இல்லை.

அதுவரைக்கும் அந்தப் பெண்மணி காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் நடக்கத்தான் வேண்டும். அந்தக் கடன் நான் வாங்கவில்லை என்று மனு எழுதிக்கொண்டு போகிறார். மனுவோடு ஆதார் நகல் ஒன்று, பான் நகல் ஒன்று, இரண்டிலும் கையெழுத்து என்கிறார்கள். எதிர்ப்பக்கம் கடை இருக்கிறது. முதல் நகல் கொஞ்சம் மங்கலாக விழுகிறது. கடைப்பையன் அதைக் காலடியில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு, இன்னொன்று எடுத்துத் தருகிறான்.