பூர்வ வாசனை

மறுபிறவிக்கு உவமை தேடுகிறவர்கள் பெரும்பாலும் பட்டாம்பூச்சியில் வந்து நிற்பார்கள். புனேயில் அவர்களுக்குத் தோதான சாட்சியும் உண்டு: 2015இல் மகாராஷ்டிரம் தன் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த நீலவந்த். கறுத்த முன்சிறகில் நீலக் கீற்றுகள், வெளிர்நீலப் பின்சிறகில் கரும்புள்ளிகள்; விரித்தால் 12 முதல் 15 செ.மீ. இருக்கும். எலுமிச்சை, பம்பளிமாஸ் இலையில் வளரும் இதன் இளம்புழுவோ பறவை எச்சம் மாதிரி கிடக்கும். பிறகு பச்சையாகிறது, சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற உறுப்பை நீட்டி நாற்றம் விடுகிறது. எச்சத்தில் தொடங்கி நீலத்தில் முடியும் இந்த வாழ்வைப் பார்த்தவர்கள் ‘உயிர் கூடு விட்டுக் கூடு பாய்ந்தது’ என்று சொன்னால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இங்கே எதுவும் எங்கும் பாயவில்லை என்பதே என் வாதம்.

பாய்ந்திருந்தால் பிணம் எங்கே? பிருகதாரணியக உபநிடதம் உயிரின் பயணத்துக்கு உவமையாக எடுத்தது ஒரு புல்லிலிருந்து அடுத்த புல்லைப் பற்றும் அட்டையை. அந்த உவமையில் விட்டுப்போன புல் பின்னால் நிற்கிறது. நமக்கும் எரிக்க ஓர் உடல் மிஞ்சுகிறது. நீலவந்த் விட்டுச்செல்வது வெறும் தோல். அது கூடு கட்டுவதுமில்லை. புழு தன் கடைசித் தோலை உரித்ததும் வெளிப்படுவதே கூட்டுப்புழு, அதாவது அதே உடல். உள்ளே எல்லாம் கரைந்து குழம்பாகிறதே, அது சாவில்லையா என்று கேட்கலாம். பெரும்பகுதி திசு சிதைவது உண்மை. ஆனால் சிறகின் கருத்திசு புழுவுக்குள்ளேயே இருந்தது. நரம்பு மண்டலமும் முற்றாக அழிவதில்லை. 2008இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு ஒரு வாசனையோடு மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். கடைசிப் பருவத்தில் பழகிய புழுக்கள் சிறகு முளைத்த பிறகும் அந்த வாசனையை விட்டு விலகின. இளம்பருவத்தில் பழகியவை மறந்துவிட்டன. முற்பிறவியின் தடத்தை நாம் ‘வாசனை’ என்றே அழைப்பது விநோதப் பொருத்தம். ஆனால் இந்த வாசனை வந்தது உடல் வழியே. மூளை போதிய அளவு வளராதபோது பதிந்தது நிலைக்கவில்லை. உடலற்று நகரும் பூர்வ வாசனைக்கு இது சாட்சியாகாது.

உவமைதானே, அதை ஏன் ஆய்வுக்கூடத்தில் நிறுத்த வேண்டும் என்ற மறுப்பு எனக்கு ஏற்புடையதில்லை. நம் தருக்க மரபில் எடுத்துக்காட்டு அலங்காரம் அல்ல, அனுமானத்தின் ஓர் உறுப்பு. மணிமேகலையின் 29ஆம் காதை திட்டாந்தப் போலிகளை, அதாவது பிழையான எடுத்துக்காட்டுகளை, வகைவகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. மறுபிறவி பொய் என்று இதனால் நிறுவப்படுவதில்லை. அதன் தரப்பில் ஒரு சாட்சி குறைகிறது, அவ்வளவுதான். பட்டாம்பூச்சிக்கு ஓர் உவமேயம் வேண்டுமென்றால் புனேக்குப் பக்கத்திலேயே இருக்கிறது ஆளந்தி. 1296இல் மராத்தி ஞானி ஞானேஸ்வரர் அங்கே இறந்தார் என்று அவர் அடியார்கள் சொல்வதில்லை, சஞ்சீவன சமாதி அடைந்தார் என்கிறார்கள். கண்மூடி, உடல் நீங்காமல், உள்ளேயே இருத்தல். பட்டிழை ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, இலையின் பச்சையிலோ குச்சியின் பழுப்பிலோ மறைந்து, அசையாமல் சாய்ந்திருக்கும் அந்தக் கூட்டுப்புழுவும் அப்படித்தான் இருக்கிறது.