பழமும் பங்கும்

சித்தன்னவாசலுக்கு அருகே எங்கள் பாட்டனார் விட்டுச்சென்ற மூன்று ஏக்கர் நிலத்தில், கிணற்றடியில் ஒரு பலாமரம் நிற்கிறது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்துச் செம்மண்ணில் பலா தோப்புத் தோப்பாகக் காய்க்கும். எங்கள் பக்கமோ பாறையும் சரளையும். ஆகவே இந்த ஒற்றை மரம் எங்களுக்குப் பெருமை.

வைகாசியில் பழம் கனிந்ததும் மர்ஹூம் அத்தா அவர்கள் கையில் எண்ணெய் தடவி, பிஸ்மில்லாஹ் சொல்லிப் பிளப்பார்கள். சுளை பிள்ளைகளுக்கு, கொட்டை குழம்புக்கு, சடையும் தோலும் மாட்டுக்கு. பிஞ்சாக இருந்தால் கறிக்கு ஆகும். சுளையில் நார்ச்சத்தும் பொட்டாசியமும் உண்டு, மலச்சிக்கலுக்கு நல்லது. சர்க்கரை நோயாளிகள் மட்டும் அளவோடு உண்ண வேண்டும். அல்லாஹ்வின் அருட்கொடையில் வீணாவது எதுவுமில்லை.

முதல் பழத்தை மட்டும் அத்தா அறுக்க மாட்டார்கள். அது அவர்களுடைய ஒரே தங்கையான எங்கள் குப்பி வீட்டுக்குப் போகும். “உடன்பிறந்தவள் மீது அத்தாவுக்கு எவ்வளவு பாசம்!” என்று நாங்கள் பேசிப் பேசி மகிழ்வோம். அத்தா மௌத்தான பின்பும் அந்த வழக்கத்தை நாங்கள் விடவில்லை.

ஒருநாள் பிள்ளைகளைச் சித்தன்னவாசல் மலைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே ஏழடிப்பட்டம் என்னும் குகையில் சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன. ஒரு படுக்கையில், இன்ன ஊரில் பிறந்த இன்னாருக்கு இன்னார் செய்து கொடுத்தது என்று பழந்தமிழ் எழுத்தில் வெட்டியிருக்கிறது. ஏறத்தாழ 2000 ஆண்டுகள் ஆகியும் கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் அழியவில்லை.

இதைக் கேட்ட பிள்ளை, “நம்ம நிலம் யார் கொடுத்தது?” என்றான். பாட்டனார் என்றோம். “அப்போ குப்பிக்கு என்ன கொடுத்தாங்க?”

“பழம் கொடுக்கிறோமே” என்று சொல்ல வாயெடுத்தோம். நாக்கு எழவில்லை.

பாட்டனார் மறைந்தபோது அவருக்கு இருந்த வாரிசுகள் ஒரு மகனும் ஒரு மகளுமே. மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்பது சூரத்துன்னிஸாவில் அல்லாஹ் விதித்த கணக்கு. சொத்து சிறிதானாலும் பெரிதானாலும் பெண்ணுக்குப் பங்குண்டு என்றும் அதே சூரா கூறுகிறது. அப்படியானால் மூன்று ஏக்கரில் ஓர் ஏக்கர் குப்பியுடையது. அவருக்கு உரியதை வைத்துக்கொண்டு, அதில் காய்த்த பழத்தையே அவருக்கு அன்பளிப்பாக அனுப்பியிருக்கிறோம்!

மனம் உடனே வாதாடியது. ‘கல்யாணத்துக்குச் சீர் செய்தார்களே?’ தகப்பனார் உயிரோடிருந்தபோது செய்த சீர், அவர் மறைந்தபின் வரும் பங்கைக் கரைத்துவிடாது. ‘குப்பி கேட்கவில்லையே?’ தன் பங்கு இவ்வளவு என்று அறிந்து, அது கைக்கு வந்தபின் மனமுவந்து விட்டுக்கொடுப்பது வேறு. அண்ணன் வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்றஞ்சி வாய்மூடி இருப்பது வேறு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், வியாபாரி தன் கூட்டாளியிடம் கணக்குக் கேட்பதுபோல் மனிதன் தன் நஃப்ஸிடம் கணக்குக் கேட்க வேண்டும் என்கிறார்கள். இதுவே முஹாஸபா. தொழுகையில் தவறியதை நாம் கணக்குப் பார்க்கிறோம். ஆனால் நாம் இனிமையாக நினைத்துப் பேசும் குடும்பக் கதைகளுக்குள் பிறர் ஹக்கு புதைந்திருக்கிறதா என்று தோண்டிப் பார்ப்பதில்லை. பாவத்தை விட்டுத் தவ்பா செய்யலாம்; நன்மை என்று நம்பிக்கொண்டிருக்கும் பாவத்தை எப்படி விடுவது?

அத்தாவைக் குறைகூற இதை எழுதவில்லை. அவர்கள் பாசம் உண்மை. அந்தப் பாசத்தால் பாக்கி அடையவில்லை என்பதும் உண்மை. நிலம் இன்று எங்கள் கையில். ஆகவே பாக்கியும் எங்கள் தலையில்.

இவ்வாண்டு முதல் பழத்தோடு பத்திரத்தையும் கொண்டுபோய்க் குப்பியின் கையில் கொடுத்தோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இனிமே பழம் வராதா, தம்பி?” என்றார்.

“வரும் குப்பி. இனிமேல்தான் அது அன்பளிப்பு” என்றோம்.

உங்கள் வீட்டில் என்ன மரம் நிற்கிறது, அது யார் பங்கில் நிற்கிறது என்று இன்றிரவு இஷாவுக்குப் பின் சற்றே எண்ணிப் பாருங்கள். உரியவர் உயிரோடிருக்கும்போதே உரியதைச் சேர்ப்பிக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.