ஒட்டுக்கேட்ட ஜெபம்

டிசம்பர் பிறந்துவிட்டால் நெய்வேலி நகரியத்தில் கேரல் ரவுண்டு தொடங்கிவிடும். பாடகர் குழு இரவில் பிளாக் பிளாக்காக, குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக வரும். நடுவில் ஆடிக்கொண்டு கிறிஸ்துமஸ் தாத்தா. முகமூடி, பஞ்சுத் தாடி, சிவப்பு அங்கி எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஷிப்ட் முடித்து நேரே வந்த மனிதருக்கு சேஃப்டி ஷூவைக் கழற்றத்தான் நேரம் இருந்திருக்காது. நாலு வயதுப் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, தாத்தாவும் மைன்ஸ்லதான் வேலை பாக்குறாரு" என்று கத்தினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

கிறிஸ்தவ வீடுகளில் இந்த மாதிரிச் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. ஜெபம் நீண்டுகொண்டே போனால் நடுவில் ஒரு 'ஆமென்' போட்டு முடித்துவைக்கும் பொடியன் உண்டு. காணிக்கைப் பையில் பத்து ரூபாயைப் போட்டுவிட்டு மீதிச் சில்லறை கேட்கும் வாண்டும் உண்டு. இவற்றைச் சொல்லிச் சிரிப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னொரு வகை உண்டு. ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் முடித்ததும், "பாப்பா, நீ ஜெபம் பண்ணு" என்கிறார்கள். ஐந்து வயதுச் சிறுமி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, லோன் சீக்கிரம் முடியணும். அப்பா அம்மாவைத் திட்டக் கூடாது" என்கிறாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. யாரோ செல்போனில் பிடித்துவிட்டார்கள். டீ குடித்து முடிப்பதற்குள் அது வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விடுகிறது. அவளுடைய விண்ணப்பத்தில் ஒன்று வங்கியைப் பொறுத்தது. மற்றதை நிறைவேற்றக்கூடியவர் அதே ஹாலில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்தாகிவிட்டதால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றும் ஆகிவிட்டது. இந்த வகைச் சிரிப்பில் முதலில் உறுத்த வேண்டியது இதுதான்.

அடுத்த கேள்வி, அந்தப் பேச்சு யாருக்குச் சொந்தம் என்பது. ஜெபம் கடவுளிடம் சொன்னது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒட்டுக்கேட்டவர்கள்தான். சத்தமாகச் சொன்னதால் அது ஊர்ச் சொத்தாகிவிடாது. நெய்வேலி போன்ற ஊரில் இது இன்னும் கூர்மையாகிறது. 1956இல் சுரங்க நிறுவனம் தொடங்கி, அதற்காகவே எழுப்பப்பட்ட நகரியம் இது. பக்கத்து வீட்டுக்காரரே அப்பாவின் சக ஊழியராக இருப்பார். அவருடைய மகன் அதே வகுப்பில் படிப்பான், ஞாயிற்றுக்கிழமை அதே ஆலயத்தில் இருப்பான். ஞாயிறு மாலை சொன்ன வேடிக்கை திங்கள் காலை வகுப்பறையில் காத்திருக்கும்.

இது வீண் பயம் என்பவர்களுக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் ஏ. ஏ. மில்ன், தன் மகன் கிறிஸ்டோபர் ராபின் படுக்கையருகே மண்டியிட்டு ஜெபிப்பதை, ஜெபத்துக்கு நடுவே அவன் மனம் எங்கெங்கோ அலைவதை, கவிதையாக்கினார். 1923இல் அது பத்திரிகையில் வந்தபோது பையனுக்கு மூன்று வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அதில் கேலியே இல்லை, பாசம்தான். கவிதை பிரபலமானது, இசைத்தட்டும் வந்தது. விடுதிப் பள்ளியில் பையன்கள் அந்த இசைத்தட்டைப் போட்டுப் போட்டு அவனைச் சீண்டினார்கள். அலுத்துப்போய் அவர்கள் தட்டை அவனிடமே கொடுத்தபோது, அதைச் சுக்குநூறாக உடைத்து வயல்வெளியில் வீசினான். 1974இல் வெளிவந்த நினைவு நூலில் இதை அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கவிதை அதற்குப் பிறகும் அவருக்குக் கூச்சத்தைத்தான் தந்தது. பாசத்தோடு சொன்னோம் என்பது சொன்னவருக்கு ஆறுதல். சொல்லப்பட்டவருக்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை.

விவிலியத்திலேயே நோவாவின் கதை இருக்கிறது. குடித்துவிட்டு ஆடை விலகிக் கிடந்த தகப்பனைப் பார்த்த காம், வெளியே போய்ச் சகோதரர்களிடம் சொன்னான். சேமும் யாப்பேத்தும் பின்புறமாக நடந்து வந்து, பார்க்காமலே போர்த்தினார்கள். பெற்றோரின் மானத்தைப் பிள்ளைகள் மூட வேண்டும் என்று இந்தக் கதையை வைத்துப் பிரசங்கம் நடக்கும். பிள்ளையின் மானத்தைப் பெற்றோர் மூட வேண்டாமா என்று கேட்கும் பிரசங்கம் அபூர்வம். ஆயர்மார் இங்கே கொஞ்சம் சங்கடப்படலாம். பிரசங்க உதாரணத்துக்குக் கைக்கு எட்டுவது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தானே.

சட்டம் இதில் பெரிய துணை இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. படம் போடுவதே பெற்றோர் என்றால் யாரிடம் யார் ஒப்புதல் கேட்பது? பிரான்ஸ் 2024இல் கொண்டுவந்த சட்டம் ஒரு படி மேலே போய், பிள்ளையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதையும் கலந்துகொள்ளச் சொல்கிறது.

மறுதரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. தன் மூன்று வயது யாருக்கும் முழுதாக நினைவிருப்பதில்லை. பாட்டியும் அத்தையும் சொல்லிச் சொல்லித்தான் அது நமக்குக் கிடைக்கிறது. எதையும் சொல்லாத வீட்டில் வளர்கிற பிள்ளைக்குக் குழந்தைப் பருவமே பாதிதான் கையில் இருக்கும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் மழலையின் ஒவ்வொரு அசைவையும் ஊரறியப் பாடினார்கள். இலக்கணப்படி அது பெரும்பாலும் 21ஆம் மாதத்தோடு முடிந்துவிடுகிறது. பிள்ளை எதிர்த்துப் பேசத் தொடங்குமுன் நிறுத்திக்கொண்டது புத்திசாலித்தனம்!

ஆகவே சேஃப்டி ஷூ கதையைத் தாராளமாகச் சொல்லலாம். அதில் மாட்டிக்கொண்டது தாத்தாதான், பிள்ளை அல்ல. ஜெபத்தில் சொன்னதை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதே முறை. இரண்டுக்கும் நடுவில் உள்ளவற்றைப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்கலாம். அதுவும் சேர்ந்து சிரித்தால் சரி. அந்தச் சம்மதமும் நிரந்தரமல்ல. ஆறு வயதில் "இன்னொரு தடவை சொல்லும்மா" என்று மடியில் ஏறுகிற பெண், பதின்மூன்றில் அதே கதைக்குக் கதவை அறைந்து சாத்துவாள். அப்போது வாயை மூடிக்கொள்ள முடியும். குரூப்பில் போட்டதை என்ன செய்வது? அதைப் பெரியம்மா அன்றைக்கே வேறு மூன்று குரூப்புக்கு அனுப்பியிருப்பார்.