எரிபொருளும் நியாயமும்

ஒரு நாடு எதை எரித்து வாழ்கிறது என்பது பொறியியலாளரின் கணக்கு மட்டுந்தானா? நாம் அவ்வாறு கருதவில்லை.

நிலக்கரியை வெட்டவும், மேலேற்றவும், புகையிரதத்திற் கொண்டு செல்லவும், உலையில் அள்ளிப் போடவும் எண்ணற்ற கைகள் வேண்டியிருந்தன. அக்கைகள் ஓய்ந்தால் நாடே ஓய்ந்தது. 1912இல் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் வேலைநிறுத்தஞ் செய்தனர். சில வாரங்களுள் பாராளுமன்றம் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை நிறைவேற்றியது. அஃது ஆட்சியாளரின் கருணையன்று; உற்பத்தியில் அவர்கள் நின்ற இடத்தின் வலிமை. கரியுகத்துக்காக நாம் ஏங்கவில்லை. மறு ஆண்டிலேயே வேல்ஸில், செங்கனித் சுரங்க வெடிப்பில் 439 தொழிலாளர் மாண்டனர்.

அக்காலத்திலேயே பிரித்தானியக் கடற்படை எண்ணெய்க்கு மாறத் தொடங்கியது. கப்பலின் வேகம் கூடும் என்றார் சேர்ச்சில்; பொய்யன்று. ஆனால் எண்ணெய் குழாயில் தானே ஓடும். அள்ளிப்போடும் கைகள் வேண்டா. அவ்வெண்ணெய் பாரசீகத்து மண்ணடியிற் கிடந்தது. 1914இல் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கைப் பிரித்தானிய அரசு வாங்கிற்று. அம்மண்ணின் மக்களை யார் கேட்டனர்? 1951இல் அவ்வெண்ணெய் தேசியமயமாக்கப்பட்டது. அதை முன்னின்று நடத்திய பிரதமர் மொசாடெக், 1953இல் பிரித்தானிய, அமெரிக்க உளவுத்துறைகளின் சதியாற் கவிழ்க்கப்பட்டார். சுரங்கத் தொழிலாளியின் கையிலிருந்து மெல்ல நழுவிய பலம் பெரும்பாலும் கம்பெனிகளிடமே சென்றது.

2024இல் பிரித்தானியாவின் இறுதி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. புகை ஒழிந்தது நன்றே. ஆயினும் வெயிலையும் காற்றையும் மின்சாரமாக்கும் நிலையங்களின் திறப்பு யார் கையில் இருக்கிறது? அதைக் கேட்கும் பலத்துடன் அவற்றின் வாயிலில் நிற்பவர் எத்தனை பேர்?